மூட்டைக் காக்கும் தசைநார்

நம் தூத்துக்குடிக் கடலின் முத்துச்சிப்பியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா, தோழியரே? அதன் இரண்டு ஓடுகளும் ஒரு பக்கத்தில் கீல் வைத்தாற்போல் இணைந்திருக்கும். அந்தக் கீலில் ஒரு நார் உண்டு. உள்ளிருக்கும் தசை ஓடுகளை இழுத்து மூடும். தசை தளர்ந்ததும், நசுங்கிய ரப்பர் விரிவதுபோல் நார் விரிந்து ஓடுகளைத் திறந்துவிடும். இறந்த சிப்பி வாய் பிளந்து கிடப்பது இதனால்தான்.

இந்த நாரையும் நம் மூட்டுகளிலுள்ள நாரையும் விலங்கியலார் லிகமெண்ட் என்ற ஒரே பெயரால் அழைக்கின்றனர். தமிழில் தசைநார் என்கிறோம். பெயரில் தசை இருந்தாலும் அது தசையன்று (பெயர் வைத்தவர்கள் நம்மைக் குழப்பிவிட்டார்கள்!). தானாகச் சுருங்காது. எலும்பை எலும்போடு பிணைத்து, மூட்டு வரம்பு மீறாமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண், அது வேறு.

முழங்காலில் முக்கியமானவை நான்கு. பக்கத்திற்கு ஒன்று, உள்ளே இரண்டு. உள்ளிருப்பவை ஒன்றையொன்று குறுக்கே கடப்பதால் சிலுவை நார்கள் எனப்படும். பெரும்பாலான தசைநார்கள் கயிறு போன்றவை, அதிகம் நீளா. ஆனால் முதுகெலும்பில் மஞ்சள் நிற நார்கள் சில, சிப்பியின் நாரைப் போலவே மீள்தன்மை மிக்கவை. உப்பளத்தில் குனிந்து உப்பு வாரும் தாய்மார்கள் ஒவ்வொரு முறை நிமிரும்போதும் அவை துணை செய்கின்றன.

கோ-கோ ஆடும்போது பாதம் உள்பக்கமாக மடங்கினால், கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் அளவுக்கு மேல் இழுபட்டுச் சிறிதோ பெரிதோ கிழிகிறது. அதுவே சுளுக்கு. உடனே எண்ணெய் தடவி, காலை இழுத்து "சுளுக்கு எடுப்பது" நம் வீடுகளில் வழக்கம். என் பாட்டிக்கும் அதில்தான் நம்பிக்கை. கிழிந்த கயிற்றை மேலும் இழுத்தால் என்ன ஆகும்? தசைநாருக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே மெதுவாகத்தான் ஆறும். முதல் இரண்டு நாள்கள் தேய்க்காமல், வெந்நீர் ஒற்றடமும் கொடுக்காமல், துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது சிறிது நேரம் வைத்து, கட்டுப் போட்டு, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பதே நல்லது.

நான்கு அடிகூட நடக்க முடியாவிட்டால், எலும்பு முறிவா என அறிய எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநார் தெரியாது. "எலும்புக்கு ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்னதும் மறுநாளே மைதானத்தில் இறங்கிவிடுகிறோமே, அங்கேதான் அதே கால் மீண்டும் மடங்குகிறது.