தண்டவாளம் வந்த வழி – 9: புயல் விட்டுப்போன பாதை

சென்ற வாரம் கனடாவின் எட்மன்டனில் இருந்தோம். 1978-ல் அந்நகரம் தன் முதல் லைட் ரயிலை ஊருக்கு நடுவே சுரங்கத்தில் இறக்கியது. அதே வகை ஜெர்மன் பெட்டிகளை வாங்கிய இன்னொரு நகரம், சுரங்கமே வேண்டாம் என்று முடிவெடுத்தது. அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டியிருக்கும் சான் டியேகோதான் அது.

அங்கே ஒரு காலத்தில் டிராம் ஓடியது. 1949-ல் கடைசி வண்டியும் நின்றது. அதற்குப் பிறகு, கார் இல்லாதவர்களுக்கு பஸ்தான் கதி. 1970-களில் கலிபோர்னியா மாநில செனட்டை வழிநடத்திய ஜேம்ஸ் மில்ஸ் இந்த ஊர்க்காரர். அருங்காட்சியகக் காப்பாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர். பெட்ரோல் வரிப் பணத்தை ரயிலுக்கும் செலவிடலாம் என்று 1974-ல் மாநில வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். மறு ஆண்டே மில்ஸ் கொண்டுவந்த சட்டத்தால் சான் டியேகோவுக்கென ஒரு போக்குவரத்து வாரியம் பிறந்தது. ஏற்கெனவே எங்காவது ஓடிப் பார்த்த தொழில்நுட்பம், பகுதி பகுதியாகக் கட்டித் திறக்கக்கூடிய திட்டம் – இவற்றுக்கே முன்னுரிமை என்று அந்தச் சட்டம் வாரியத்தின் கையைக் கட்டியது. கையைக் கட்டியதுதான் ஊரைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

முதல் தடம் எங்கே? எந்த நகரத்திலும் இந்தக் கேள்வி எழுந்தவுடன் விமான நிலையம், புதுப் பணக்காரக் குடியிருப்பு, பெரிய அலுவலக வளாகம் என்று விரல்கள் வரைபடத்தில் ஓடும். சான் டியேகோவில் பதிலைக் கொண்டுவந்து போட்டது ஒரு புயல்.

சர்க்கரை வியாபாரத்தில் செழித்த ஸ்ப்ரெக்கெல்ஸ் குடும்பத்து ஜான், இந்நகரத்திலிருந்து கிழக்கே பாலைவனத்தைக் கடந்து செல்ல ஒரு ரயில் பாதை போட்டிருந்தார். மலை இடுக்கில் சுரங்கமும் மரப்பாலமுமாக வளைந்து வளைந்து சென்ற பாதை அது. 'நடக்கவே நடக்காத ரயில்' என்று பெயர் வாங்கி, 1919-ல் நடந்தே முடிந்தது. பின்னாளில் சதர்ன் பசிபிக் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1976 செப்டம்பரில் கேத்லீன் என்ற புயல் பாலைவனத்தில் பெய்து தள்ளியதில் அந்தப் பாதை பல இடங்களில் அடித்துக்கொண்டு போய்விட்டது. பழுது பார்ப்பதில் லாபமில்லை, பாதையையே கைவிட அனுமதி வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. 1978-ல் மத்திய ஆணையம் மறுத்துவிட்டது.

இங்கேதான் வாரியம் விழித்துக்கொண்டது. புயல் உடைத்தது தூரத்துப் பாலைவனத்தில். நகர மையத்தை ஒட்டித் தொடங்கி தெற்கே எல்லை வரை போகும் கிளை அப்படியே கிடந்தது. தண்டவாளம் பழசு, ஆனால் நிலம் ஒரே சொத்து. வீடு இடிக்க வேண்டாம், நூறு பேரிடம் பத்திரம் எழுதி வாங்க வேண்டாம். 1979-ல் 1.81 கோடி டாலருக்குப் பாதை கைமாறியது. சரக்கு ரயிலை நிறுத்தக் கூடாது என்ற கடமையும் கூடவே வந்தது. அதற்கும் வழி கண்டார்கள்: பகலில் பயணிகள், இரவில் சரக்கு.

மலிவாகக் கிடைத்தது என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆளில்லாத இடத்தில் சும்மா கிடைக்கும் நிலத்தில் ரயில் விட்டு, காலிப் பெட்டிகளை ஓட்டும் ஊர்கள் உண்டு. இந்தத் தடத்தின் ஓரத்தில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பாரியோ லோகன், கப்பல் கட்டும் தளங்கள், கடற்படைத் தளம், நேஷனல் சிட்டி, சூலா விஸ்டா, கடைசியில் சான் இசிட்ரோ எல்லைச் சாவடி. உலகிலேயே அதிகம் பேர் கடக்கும் தரைவழி எல்லைகளில் அதுவும் ஒன்று. வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் தினமும் அங்கே நடந்து எல்லை தாண்டுகிறவர்கள் ஏராளம். ரயில் வந்தபின் பயணிகளைத் தேட வேண்டிய நிலையே இல்லை.

இதைத்தான் சிலர் 'டிஹுவானா டிராலி' என்று கேலி செய்தார்கள். டிஹுவானா எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மெக்சிகோ நகரம். ஏழை மெக்சிகோக்காரனுக்கு நம் வரிப்பணத்தில் ரயிலா என்ற ஏளனம் அந்தப் பெயருக்குள் இருந்தது. படிக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. எந்தக் கூட்டத்தைக் காட்டி ஏளனம் செய்தார்களோ, அந்தக் கூட்டம்தான் ரயிலை வாழவைத்தது.

மத்திய அரசிடம் கையேந்தினால் ஆய்வு, மறு ஆய்வு என்று ஆண்டுகள் ஓடும். எனவே அந்தப் பணமே வேண்டாம் என்றார்கள். நகர மையத்தில் சி தெருவின் நடுவே, மேம்பாலமில்லாமல், தரையோடு தண்டவாளம். நிலையம் என்றால் ஒரு நடைமேடை, மேலே ஒரு கூரை, டிக்கெட் இயந்திரம், அவ்வளவுதான். உள்ளே நுழையத் தடுப்புக் கதவு கிடையாது. வண்டிக்குள் பரிசோதகர் வந்தால் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். சில பகுதிகளில் ஒற்றைத் தடம்தான் இருந்தது. இரட்டைத் தடத்துக்காகத் திறப்பைத் தள்ளிப்போடவில்லை. 14 சிவப்புப் பெட்டிகள், சுமார் 25 கிலோமீட்டர், ஏறத்தாழ 8.6 கோடி டாலர். 1981 ஜூலை 26-ல் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு ரயில் புறப்பட்டது. பாதையை வாங்கி இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

கூட்டம் பெருகியதும் இரண்டாவது தடம் போட்டார்கள். 1986-ல் கிழக்கே யூக்ளிட் வரை அடுத்த வழி திறந்தது. வாங்கிய அதே பழைய ரயில் சொத்தின் இன்னொரு கிளை அது. 1989-ல் எல் கஹோனை எட்டியது.

வடக்கே கலிபோர்னியா பல்கலைக்கழகம் வரை போக 2021 நவம்பர் ஆயிற்று. சுமார் 17 கிலோமீட்டருக்கு 200 கோடி டாலருக்கு மேல் செலவு. நாற்பது ஆண்டு விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் மலைக்க வைக்கும் கணக்குதான். இந்த முறை மத்திய அரசின் பணமும் வந்தது; மேம்பாலங்களும் வந்தன. இதையே முதல் தடமாக எடுத்திருந்தால் 1981-ல் ஊருக்கு ரயிலே இருந்திருக்காது.

புது வழிக்குத் தனிப் பெயர் வைக்கவில்லை. பழைய எல்லைத் தடத்தின் நீட்சியாகவே இணைத்துவிட்டார்கள். இப்போது சான் இசிட்ரோவில் எல்லைச் சாவடியைத் தாண்டி வரும் ஒரு மாணவி, அங்கேயே ரயிலேறி, எங்கும் மாறாமல், பல்கலைக்கழக வளாகத்துக்குள் இறங்கலாம்.

(தொடரும்)