எதை வாசிப்பது என்பதை யார் தீர்மானிப்பது? செய்தியோடைத் திரட்டிகள் பற்றி

2017 பெப்ரவரி 20ஆம் திகதி வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் தொடர் போராட்டமொன்றை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதியிலும், காணாமலாக்கப்பட்டோருக்கான சர்வதேச தினமான ஓகஸ்ட் 30ஆம் திகதியிலும் என்னுடைய பேஸ்புக் பக்கம் அவர்களது படங்களால் நிறைந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் அநேகமாக எதுவுமே கண்ணில் படுவதில்லை. அந்த மாதங்களிலும் செய்திகள் வெளிவரத்தான் செய்கின்றன. நீதிமன்றத் தவணையொன்றோ, தாயொருவரின் மரணமோ நான்கு பந்திகளில் எங்காவது ஒரு தளத்தில் வந்திருக்கும். அதற்கு விருப்பக்குறிகள் குறைவு. ஆகவே, பேஸ்புக்கின் கணிப்புமுறை அதை எனக்குக் காட்டுவதில்லை.

ஒரு விடயத்தை ஆண்டு முழுவதும் பின்தொடர விரும்புபவர்களுக்கு இது பெரிய தடை. நான் இதற்காகப் பயன்படுத்துவது செய்தியோடைத் திரட்டி. தமிழ் வலைப்பதிவுகளை வாசித்தவர்களுக்குத் திரட்டி என்ற சொல் புதியதல்ல. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் பலருக்கும் நினைவிருக்கும். அங்கே எல்லோருக்கும் ஒரே பட்டியல்தான். இங்கே பட்டியலை நாமே தயாரிக்கிறோம்.

இது இயங்கும் விதம் எளிது. பெரும்பாலான செய்தித் தளங்கள், வாசகர் பார்க்கும் பக்கத்துக்கு மேலதிகமாக, புதிய கட்டுரைகளின் தலைப்பு, திகதி, சுருக்கம், இணைப்பு ஆகியவற்றைக் கொண்ட ஒரு கோப்பையும் வைத்திருக்கின்றன. அதுதான் ஓடை. இதன் வடிவத்துக்கு ஆர்எஸ்எஸ் என்று பெயர். இந்தியாவிலுள்ள அமைப்புக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. திரட்டி, நாம் கொடுத்த ஓடைகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் போய்ப் பார்த்து, புதியவற்றைத் திகதி வரிசையில் அடுக்கித் தருகிறது. எதையும் மேலே தூக்குவதுமில்லை, கீழே தள்ளுவதுமில்லை.

ஆர்எஸ்எஸ் 1999இல் அறிமுகமானது. 2013 ஜூலையில் கூகுள் தனது ரீடர் சேவையை மூடியபோது, இந்தத் தொழில்நுட்பமும் முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். ஆனால், இன்றும் பொட்காஸ்ட்கள் இதன் ஊடாகவே விநியோகமாகின்றன. ஃபீட்லி, இனோரீடர் போன்ற திரட்டிகளை இலவசமாகவே பயன்படுத்தத் தொடங்கலாம். கணினியில் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளும் இந்த வேலையைச் செய்யும்.

தளத்தின் முகவரியைத் திரட்டியில் இட்டால் பெரும்பாலும் ஓடையை அதுவே கண்டுபிடித்துவிடும். இல்லாவிட்டால், வேர்ட்பிரஸில் இயங்கும் தளங்களில் முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடும் ஃபீட் என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்த் தளங்களுடன் சில சிங்கள, ஆங்கிலத் தளங்களையும் சேர்ப்பது நல்லது. ஒரே சம்பவம் மூன்று மொழிகளிலும் எவ்வாறு சொல்லப்படுகிறது, எந்த மொழியில் சொல்லப்படாமலே போகிறது என்பது அருகருகே தெரியும்.

தளங்கள் அதிகரித்தால் வடிகட்ட வேண்டிவரும். தமிழில் இதற்குக் கொஞ்சம் கவனம் தேவை. குடும்பங்கள் ‘காணாமலாக்கப்பட்டோர்’ என்கின்றன. 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரோ ‘காணாமற்போன ஆட்கள்’ என்கிறது. ‘காணாமல்’ என்று வடிகட்டினால் இவை இரண்டுமே தவறிவிடும். சொல்லின் பகுதியை ஏற்கும் திரட்டிகளில் ‘காணாம’ என்று கொடுத்தால் எல்லாம் அகப்படும். வீட்டைவிட்டுப் போன சிறுவனைப் பற்றிய செய்தியும் சேர்ந்தே வரும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ‘நிலம்’ என்று தேடினால் ‘நிலத்தை’, ‘நிலங்கள்’ தப்பிவிடும். கேப்பாப்புலவு, கேப்பாப்பிலவு என ஊர்ப்பெயர்களும் பலவிதமாக எழுதப்படுகின்றன. எல்லா வடிவங்களையும் கொடுக்க வேண்டும்.

தடைகள் வரும் காலத்திலும் இது உதவும். 2018 மார்ச்சில் கண்டி வன்முறைகளின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. செய்திகளைப் பேஸ்புக்கில் மட்டுமே பார்த்துவந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. ஓடைகள் நேரடியாகத் தளங்களிலிருந்து வருபவை. 2007இல் தமிழ்நெற் தடுக்கப்பட்டதைப்போல ஒரு தளமே தடுக்கப்பட்டாலும், வெளிநாட்டு வழங்கியில் இயங்கும் திரட்டி அதன் ஓடையை எடுத்துத் தரக்கூடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. அவ்வாறான திரட்டியை நடத்தும் நிறுவனத்துக்கு நாம் எதையெல்லாம் பின்தொடர்கிறோம் என்பது தெரியும். தண்டர்பேர்ட் போல நமது கணினியிலேயே இயங்குவது இந்த இடைத்தரகரைத் தவிர்க்கும். ஆனால், தடுக்கப்பட்ட தளத்தை அதனால் அடைய முடியாது. எது முக்கியம் என்பதை அவரவர் நிலைமைக்கேற்பத் தீர்மானிக்க வேண்டும்.

திரட்டியால் முடியாததும் உண்டு. பேஸ்புக்கில் மட்டும் எழுதும் பிராந்தியச் செய்தியாளர்களின் பதிவுகள் இதில் வராது. ஓடையே இல்லாத தளங்களும் இருக்கின்றன. அவற்றுக்குக் கூகுள் அலேர்ட்ஸில் ஒரு சொல்லைப் பதிவுசெய்து, முடிவுகளை ஓடையாகப் பெறலாம். கூகுள் கண்டெடுப்பவை மட்டுமே கிடைக்கும்.

பத்துத் தளங்களுடனும் ஒரேயொரு விடயத்துடனும் தொடங்குங்கள். ஓடைப் பட்டியலைக் கோப்பாகத் தரவிறக்கி வைத்துக்கொண்டால், ஒரு சேவை மூடப்பட்டாலும் அதை இன்னொன்றுக்கு மாற்றலாம். பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும் வாக்குறுதி அளிப்பவர்கள் மற்றைய பத்து மாதங்களில் என்ன செய்தார்கள் என்று கேட்பதற்கு, அந்த மாதங்களின் செய்திகள் நம் கையில் இருக்க வேண்டும்.