தேயும் கால்

கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் பரந்தனில், 2009 இல் முடிவுற்ற போரிலே கால் இழந்தோர் பலர் வாழ்கின்றனர். முப்படையினர், பொலிசார் நலனுக்கென 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் ரணவிரு சேவா அதிகாரசபையை நிறுவிற்று. எதிரணியில் நின்று கால் இழந்தவருக்கோ போராளி என்ற வகையில் உரித்து எதுவுமில்லை. வறியவர், வலுவிழந்தவர் என்ற நிலையிலேயே அவர் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் நாடுகின்றார்.

அத்தகைய அயலவர் ஒருவருக்கு நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். ஊனம் நேர்ந்தது எவ்வாறு என்னுமிடத்தில் என் பேனா தயங்கியது.

“போரிலே என்று எழுதுங்கோ மாஸ்டர், அது போதும்” என்றார்.

யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் போன்றவை இத்தகையோர் பலரை நடக்கச் செய்தன. ஆயினும் செயற்கைக் கால் நிலையானதன்று. வயற்சேற்றில் நடப்பவருக்கு அது விரைவில் தேயும். எஞ்சிய காலின் தசை மெலிந்தால் பொருத்தும் கிண்ணம் இடம்பெயர்ந்து புண்ணாக்கும். ஆதலின் சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய கால் வேண்டும்.

கொடை ஒருநாளோடு முடிகிறது. தேவையோ ஆயுள்வரை நீள்கிறது. மாதக் கொடுப்பனவு உணவுக்கே போதாத இல்லத்தில், புதிய காலுக்கான செலவைத் தனி உரிமையாக வழங்குதலே நீதியாகும். அவர் எவ்வணியில் நின்றார் என்பதைவிட, நாளை எவ்வளவு தூரம் நடக்கவேண்டியவர் என்பதன்றோ கேட்கத்தக்கது?