படுகர் திருமணச் செலவு

படுகர் திருமணச் செலவு என்பது நீலகிரி மாவட்டத்தில் வாழும் படுகர் சமூகத்தின் திருமணங்களில் மணமகன் வீட்டார் மரபாக ஏற்கும் செலவினங்களைக் குறிக்கும். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பெண் வீட்டாரே பெருஞ்செலவைச் சுமக்க, இங்கு நிலைமை நேர்மாறாக உள்ளது. வரதட்சணை வழக்கம் இல்லை. திருமணமும் மணமகனின் ஊரிலேயே நடைபெறுகிறது. எமரால்டு அணையைச் சுற்றியுள்ள படுகர் ஊர்களிலும் இதுவே மரபாகும்.

மரபு

படுகர் தம் ஊரை ஹட்டி என்பர். ஒரே ஹட்டியினர் பொதுவாகப் பங்காளிகளாகக் கருதப்படுவதால் பெண் வேறு ஹட்டியிலிருந்தே வருகிறாள். மணமகன் வீட்டார் சென்று பெண்ணையும் அவளது உறவினரையும் அழைத்து வருவர். வந்த பெண் பெரியோரை வணங்கி, குடத்தில் நீர் எடுத்து வருவது முக்கியச் சடங்காகும். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில், கருவுற்ற ஏழாம் மாதத்தில் கணவன் கழுத்து நூல் கட்டும் சடங்கே திருமணத்தை உறுதிசெய்ததாகக் காணப்படுகிறது. மணவிலக்கும் கைம்பெண் மறுமணமும் இச்சமூகத்தில் ஏற்கப்பட்டவை. முற்காலத்தில் கோத்தர் இசைக்குழுவினர் படுகர் சடங்குகளில் வாசித்துத் தானியம் பெற்றனர். ரொக்கச் செலவு அன்று குறைவு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலவினங்கள்

முதன்மைச் செலவு விருந்து. இரண்டு ஹட்டிகளுமே விருந்தினர் ஆவதால், அழைப்பிதழ்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் செலவைக் குறைக்க இயலாது. பந்தல், நகை, இசைக்குழு, வண்டி வாடகை ஆகியன அடுத்த நிலையில் வருவன.

பருவமும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். எமரால்டுக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகத்து 8-ஆம் நாளுக்கான பதிவில் ஒரே நாளில் ஏறத்தாழ 82 செ.மீ. மழை பதிவானது. ஆடி, ஆவணியில் திறந்தவெளிப் பந்தலை நம்புவோர் மண்டப வாடகையையும் சேர்த்தே எடுத்துவைப்பது நல்லது. மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்களுக்குத் தடை உள்ளதால் சிறு தண்ணீர்ப் புட்டிகள் வாங்கி அடுக்க முடியாது. குடிநீர்த் தொட்டியும் எவர்சில்வர் குவளைகளும் தேவை. சமவெளியிலிருந்து வரும் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு முறை 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் முன்கூட்டியே பதிவு செய்யாவிடில் விருந்தினர் சோதனைச் சாவடியில் நிற்க நேரிடும்.

தேயிலையும் கடனும்

இவ்வூர்களில் பலருக்கு வருவாய் பச்சைத் தேயிலையிலிருந்தும் மலைக்காய்கறியிலிருந்தும் வருகிறது. ஓர் எடுத்துக்காட்டு: பறிகூலி, உரம் போகக் கிலோவுக்கு 8 ரூபாய் மிஞ்சுவதாகவும், இரண்டு ஏக்கரில் ஆண்டுக்கு 8,000 கிலோ கிடைப்பதாகவும் கொள்வோம். ஆண்டு மிச்சம் 64,000 ரூபாய். 4 இலட்ச ரூபாய்த் திருமணம் என்பது ஆறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மிச்சம்; அதுவும் வீட்டுக்கு ஒரு ரூபாயும் செலவிடாமல்! 1998-இல் உயர்ந்திருந்த பச்சைத் தேயிலை விலை அடுத்த ஆண்டுகளில் கடுமையாகச் சரிந்தது. விலை ஏறிய ஆண்டில் வாங்கிய கடனை இறங்கிய ஆண்டுகளில் அடைப்பது கடினம் என்பதால், கடைசி மாதத்து விலையைவிடச் சில ஆண்டுகளின் சராசரியை வைத்துக் கணக்கிடுவதே பொருத்தம். வரதட்சணை இல்லாமை பெண் வீட்டாருக்குப் பெரும் விடுதலை. எனினும் அதே சுமை இளம் மணமகனின் தோளுக்கு மாறுகிறது என்பதும் உண்மையே.

வெளிநாட்டு மணமகன்

மணமகன் வெளிநாட்டவராயின் அவருக்கு மலையில் ஹட்டி இல்லை. ஆகவே விருந்துக்கான இடமே முதற்செலவாகிறது. சமயம் வேறாயின் சிறப்புத் திருமணச் சட்டம், 1954 பொருந்தும். இருவரில் ஒருவர் மாவட்டத்தில் 30 நாட்களாவது வசித்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்த பின் மேலும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குள் திருமணம் நிகழாவிடில் புதிய அறிவிப்பு தேவை. மூன்று சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். மணமகன் இடையில் ஊர் திரும்பினால் இருமுறை விமானக் கட்டணம், தங்கினால் ஒரு மாத அறை வாடகை. இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே நாள் குறிக்கலாம்.

பிலிப்பீன்சிலும் மணமகன் வீட்டாரே செலவேற்பது பழைய வழக்கம். அங்கே மணமகன் குடும்பத்துடன் பெண் வீட்டுக்குச் சென்று பேசும் நிகழ்வு பமமனிக்கான் எனப்படும். வெளிநாட்டவர் தம் நாட்டுத் தூதரகத்திடம் திருமணத் தகுதிச் சான்று பெறவேண்டும். உரிமம் 120 நாட்கள் மட்டுமே செல்லும். சடங்கில் மணமகன் 13 காசுகள் அளிக்கிறான்.