ஓம் குறைந்தால் அடி கூடும்

காருக்கு சப்வூஃபர் வாங்கப் போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, ‘எத்தனை வாட்?’ ஆம்ப்ளிஃபயரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுவல்ல, ஓம்.

ஊஃபரின் கூம்புக்கு அடியில் ஒரு செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதுதான் வாய்ஸ் காயில். மின்சாரத்துக்கு அது காட்டும் முரண்டைத்தான் ஓமில் சொல்கிறோம். முரண்டு குறையக் குறைய ஆம்ப்பிலிருந்து கரண்ட் கூடுதலாக இழுபடும், அடியும் கூடும். ஆம்ப் தாங்கும் அளவுக்கும் கீழே இறங்கினால் அது சூடேறித் தானாக அணைந்துவிடும். அணையாவிட்டால் கருகும்.

பல சப்வூஃபர்களில் இரட்டைக் காயில் உண்டு. ஒவ்வொன்றும் 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் மைனஸை மற்றதன் பிளஸ்ஸில் கோத்தால் சீரிஸ், 8 ஓம். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் பேரலல், 2 ஓம். இப்படி இரண்டு ஊஃபர் வாங்கி நாலு காயிலையும் பேரலலில் போட்டால் 1 ஓம். ஒவ்வொரு ஊஃபருக்குள்ளும் சீரிஸ், இரண்டுக்கும் இடையே பேரலல் என்றால் 4 ஓம். 1 ஓம் தாங்கும் மோனோபிளாக் (ஒற்றைச் சேனல்) ஆம்ப்புக்கு முதல் வழி சரி. இரண்டு சேனல் ஆம்ப்பை பிரிட்ஜ் செய்பவர், அதாவது இரு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டுபவர், இரண்டாவதோடு நின்றுகொள்ள வேண்டும். பிரிட்ஜில் மாட்டிய 4 ஓம் ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓமாகத்தான் தெரியும்.

4 ஓம் காயில் மல்டிமீட்டரில் மூன்றரை காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். மீட்டர் அளப்பது வெறும் கம்பியின் தடையை. பாட்டு ஓடும்போது முரண்டு வேறு, அதுவும் சுருதிக்குச் சுருதி மாறும்.

பிளஸ் எது என்று சந்தேகமா? டிவி ரிமோட்டின் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே எம்பினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரு ஊஃபர் வெளியே தள்ளும்போது பக்கத்து ஊஃபர் உள்ளே இழுத்தால், பாஸ் இருந்த இடம் தெரியாது.

வீட்டில் 500 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் இழுப்பது 2 ஆம்பியர் சொச்சம். ஆம்ப்புக்கு அதே 500 வாட் கொடுக்க காரின் 12 வோல்ட் பேட்டரி 40 ஆம்பியருக்கு மேல் தர வேண்டும். பவர் வயர் விரல் தடிமனில் இருப்பதும், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் போடச் சொல்வதும் அதனால்தான். ஃப்யூஸ் இல்லாமல், வழியில் வயர் உரசி கார் பாடியில் பட்டால் தீப்பிடிக்கும்.

எர்த் விஷயத்தில் நானே ஏமாந்தேன். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம். ஆம்ப்பையே மாற்றச் சொன்னார்கள். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் ஆம்ப்பின் எர்த் வயரைக் கார் பாடியில் பெயின்ட்டின் மேலேயே முறுக்கியிருந்தார்கள். உப்புத்தாளால் தேய்த்து, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு போல்ட்டை இறுக்கினேன். கொசு போய்விட்டது.