கடல் தண்ணீரிலும் உருவாகும் விஷ வாயு: தின்று தீர்ப்பது யார் தெரியுமா?

ஸ்ரீபெரும்புதூர்:-

வண்டிப் புகை, ஜெனரேட்டர் புகை, கரி அடுப்பு ஆகியவற்றில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு கடலிலும் தினமும் உருவாகிறது. ஆனால் அதன் பெரும் பகுதியை கண்ணுக்கு தெரியாத பாக்டீரியாக்கள் தின்று தீர்த்து விடுகின்றன.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஏரியில் இருந்து கடலுக்கு...

ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்கு போகிறது. அங்கு திறந்து விடப்படும் தண்ணீர் அடையாறு வழியாக பட்டினப்பாக்கம் அருகே கடலில் கலக்கிறது. வழியில் அழுகிய இலை, தழை, புல்லின் சாறு டீ டிக்காஷன் மாதிரி அதில் கரைந்திருக்கும். கடலிலேயே வளரும் பாசிகள் செத்தாலும் அவற்றின் சாறு தண்ணீரில் சேரும்.

இந்த சாறு மீது வெயில் படும்போது, புற ஊதா கதிர்கள் அதை உடைக்கின்றன. அப்போது கார்பன் மோனாக்சைடு வெளியாகிறது. இதற்கு நெருப்பு தேவையில்லை, வெயில் போதும். கடல் இந்த வாயுவை காற்றில் விடுகிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் 1970-ம் ஆண்டு வெளியிட்டனர்.

எல்லா ஷிப்டும் வேலை

வெயிலுக்கு பகல் ஷிப்ட் மட்டும்தான். அதனால் மதியத்துக்கு மேல் கடல் நீரில் இந்த வாயு அதிகமாக இருக்கும். பாக்டீரியாக்களுக்கோ இரவிலும் வேலை உண்டு. அவை தின்னத் தின்ன வாயு குறைந்து, விடியற்காலையில் மிகவும் குறைவாகி விடும்.

பாக்டீரியாக்களின் உடலில் உள்ள ஒரு வகை நொதி, இந்த வாயுவை கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அதில் கிடைக்கும் சக்தியை அவை பயன்படுத்திக் கொள்கின்றன. இப்படி தின்றது போக, கடலில் உருவாவதில் சுமார் 10-ல் ஒரு பங்குதான் காற்றுக்கு தப்பிப் போகிறது.

புகையையும் தின்னுமா?

அப்படியானால் ஒரகடம் ரோட்டில் ஓடும் லாரிகளின் புகையையும் கடல் தின்று விடுமா? இல்லை. இந்த வாயு தண்ணீரில் லேசில் கரையாது. வெட்டவெளியில் கலந்த வாயு, சுமார் 2 மாதத்தில் காற்றிலேயே வேதி மாற்றம் அடைந்து விடுகிறது. ஒரு பங்கை மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் தின்கின்றன.

மூடிய அறையில் ஆபத்து

ஆனால் மூடிய அறைக்குள் இதை தின்ன ஆள் கிடையாது. 2 மாதம் காத்திருக்கவும் முடியாது. ரத்தத்தில் ஆக்சிஜனை சுமக்கும் ஹீமோகுளோபினுடன், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாக இந்த வாயு ஒட்டிக்கொள்ளும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்கு தெரியவே தெரியாது.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொடைக்கானலில், சிக்கன் சுட்ட கரி அடுப்பை அணைக்காமல் விடுதி அறையில் தூங்கிய வாலிபர்கள் 2 பேர் பரிதாபமாக இறந்தனர்.

தொழிற்சாலை வேலைக்கு வந்து ஒரே ரூமில் பலர் தங்கி இருப்பவர்கள் இதை கவனிக்க வேண்டும். கரி அடுப்பு, மூட்டம் ஆகியவற்றை அறைக்குள் வைத்து தூங்கக்கூடாது. ஜெனரேட்டரை வெளியே, ஜன்னலை விட்டு தள்ளி வைக்க வேண்டும். தலைவலி, மயக்கம், வாந்தி ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து, 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.