வீட்டு விலையா, மண்ணு விலையா?

போன வாரம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "ஹோம் லோன் வட்டி குறையுற வரைக்கும் காத்திருக்கலாமா?" வட்டி நீங்க நினைக்கிற அளவுக்குப் பெரிய ஆள் இல்லைங்க. கணக்கு போட்டே பார்த்துடலாம்.

80 லட்ச ரூபாய் ஃபிளாட். கையில இருந்து 16 லட்சம், மீதி 64 லட்சம் கடன், 20 வருஷம். வட்டி 8.5 சதவீதம்னா மாசம் சுமார் 55,500 ரூபாய் இ.எம்.ஐ. அதே 7.5 ஆனா 51,500. நாலாயிரம் மிச்சம், சந்தோஷம்தான். ஆனா மாசம் 70,000 சம்பளம் வாங்குறவருக்கு ரெண்டுமே எட்டாத உயரம். நம்ம வேலையில ஒரு ப்ரோக்ராம் மெதுவா ஓடினா, எந்த இடத்துல அடைக்குதுன்னுதானே முதல்ல தேடுவோம்? இங்க அடைப்பு மண்ணுல இருக்கு.

சென்னையில ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி எடுத்துக்குவோம். ஓரளவு ஊருக்குள்ள, சதுர அடி 10,000 ரூபாய்னு வெச்சா மனை மட்டுமே 2 கோடியே 40 லட்சம். அதுமேல எவ்வளவு கட்டலாம்னு சொல்றது எஃப்.எஸ்.ஐ., தமிழ்ல தளப்பரப்புக் குறியீடு. அது 2-ன்னா 4,800 சதுர அடி கட்டலாம். அப்போ 1,000 சதுர அடி ஃபிளாட்டுல மண்ணோட பங்கு 50 லட்சம். கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 3,000-னு வெச்சாலும் 30 லட்சம்தான். பில்டர் லாபம், பத்திரச் செலவு எதையும் சேர்க்காமலே 80 லட்சத்தைத் தொட்டாச்சு. டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் குறைச்சா வீடு மலிவாகும்னு நினைக்கிறவங்க இந்த 50-ஐ ஒருதடவை பார்க்கணும்.

"அப்போ அதிகமா கட்ட விட்டா விலை இறங்குமே?" காகிதத்துல இறங்கும். 2019 கட்டட விதிகள்ல, உயரம் குறைவான சாதாரணக் கட்டடங்களுக்கு இந்தக் குறியீடு 1.5-ல இருந்து 2 ஆச்சு. நம்ம கணக்குப்படி ஃபிளாட்டுக்கு 16 லட்சத்துக்கு மேல குறையணும். ஆனா பில்டர் போடுற கணக்கே தலைகீழ். இந்த ஏரியாவுல என்ன விலைக்கு விக்கும்னு முதல்ல பார்ப்பார். கட்டுமானம், வட்டி, லாபம் எல்லாத்தையும் கழிப்பார். மிச்சத்தைத்தான் மனைக்காரருக்குத் தருவார். கூடுதலா கட்ட முடியும்னு தெரிஞ்சா மனைக்காரரும் விலையை ஏத்திடுவார். அவர் இடத்துல நாம இருந்தாலும் அதையேதான் செய்வோம். பல ஏரியாவுல ஒரே சமயத்துல நிறைய வீடு வந்து, பில்டர்களே வாங்க ஆள் தேடுற நிலைமை வந்தாதான் அந்த லாபம் நம்ம பக்கம் திரும்பும்.

அதுக்கு வேலைக்குப் போய்வர முடியுற தூரத்துல மனை பெருகணும். 1931-ல பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சுது. பல்லாவரம், குரோம்பேட்டைன்னு அந்தப் பாதை நெடுக ஊர் வளர்ந்துச்சு. ரயில் புது மண்ணை உருவாக்கல; இருந்த மண்ணை ஆபீசுக்குப் பக்கத்துல கொண்டுவந்துச்சு. இன்னொரு வழி, அரசே மொத்தமா நிலம் எடுத்து மனை பிரிக்கிறது. அண்ணா நகர், கே.கே. நகர் எல்லாம் வீட்டு வசதி வாரியம் அப்படி உருவாக்கினதுதான்.

ஆனா தூரத்தை மறந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கும் சென்னையிலேயே உதாரணம் இருக்கு. நகரத்துக்குள்ள ஆத்தோரம் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாத்தினாங்க. வீடு கிடைச்சுது. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போயிட்டிருந்த பழைய இடம் தூரமாயிடுச்சு. பஸ் காசையும், போக வர ஆகிற நேரத்தையும் வாடகையோட சேர்த்துக் கூட்டினாதான் அது மலிவான வீடா இல்லையான்னு தெரியும். இது ஓ.எம்.ஆர். தாண்டி ஃபிளாட் பார்க்கிற ஐ.டி. பசங்களுக்கும் பொருந்தும்.

வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. ஓனர் இ.எம்.ஐ. எவ்வளவு கட்டுறார்ங்கிறது வாடகையைத் தீர்மானிக்காது. அந்த ஏரியாவுல எத்தனை வீடு காலியா இருக்கு, தேடுறவங்க எவ்வளவு தர முடியும், அவ்வளவுதான். அதனாலதான் 80 லட்சம் ஃபிளாட் 20,000 வாடகைக்குக் கிடைக்குது. வருஷத்துக்கு 3 சதவீதம். 8.5 சதவீதத்துக்குக் கடன் வாங்கி அதே வீட்டை வாங்கியே ஆகணும்னு சொந்தக்காரங்க சொன்னா, இந்த ரெண்டு நம்பரையும் காட்டுங்க.

வாங்கியே தீருவேன்னு இருக்கீங்களா? விளம்பரத்துல இருக்கிற சதுர அடியை விடுங்க. பத்திரத்துல யு.டி.எஸ். எவ்வளவுன்னு கேளுங்க, அதாவது மண்ணுல உங்க பேருக்கு வர்ற பிரிபடாத பங்கு. அந்தத் தெருவோட மனை விலையால அதைப் பெருக்கி, கேட்கிற விலையில இருந்து கழிங்க. மிச்சம் கட்டடத்துக்கும் பில்டருக்கும் போற காசு. அது சதுர அடிக்கு 6,000, 7,000-னு வந்தா, பேரம் பேச இடம் இருக்கு.